வயரில்லா வசந்தாமணி

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது திருப்பூரில், 2023ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு பனியன் நிறுவனத்தின் தேநீர் இடைவேளையில். சொன்னவர் ஓவர்லாக் தையல் செய்யும் அமராவதி. கதை நடந்த வீதிக்கு அடுத்த வீதிக்கு மருமகளாக வந்தவர். அதன்பின் இதே கதையை வேறு பலரிடமும் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன். பெயர்கள் மாறுவதில்லை, நிகழ்ச்சிகளின் வரிசையும் பெரும்பாலும் மாறுவதில்லை, முடிவு மட்டும் சொல்பவருக்கேற்ப மாறுகிறது. கீழே தருவது அமராவதியின் வடிவம். அவர் கதையை ஒரு கேள்வியோடு தொடங்கினார்: "ஒரு பொம்பளைய ஒரு வீதியே சேந்து பொத்தான அமுக்கி நடத்துச்சுன்னா, அதுல எதுங்க உங்களுக்கு அதிசயம்? அவ நடந்ததா, இவிய அமுக்குனதா?" நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் அதே இடத்தில், அதே கேள்வியிலிருந்தே மறுபடியும் தொடங்கினார்.

கதை நடந்த சாயப்பட்டறை வீதியில் வீடு என்பது முன்பாதி தொழிற்கூடமும் பின்பாதி குடும்பமுமாகும். முன்கட்டில் தையல் மேசைகள் ஓடும், பின்கட்டில் அடுப்பு எரியும், இரண்டுக்கும் நடுவில் தொலைக்காட்சி இருக்கும். ஈஸ்வரமூர்த்தியின் வீடும் அவ்வாறே இருந்தது. தையல் மேசைகள் அவனுடையவை. அவன் மனைவி பிருந்தா தைத்து முடித்த பனியன்களை அடுக்கிக் கட்டுவாள். அவனுக்கு மூத்தவளான வசந்தாமணி, தாய் இறந்த அன்று ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனவள், சமைத்து, துவைத்து, வந்தவர்க்கெல்லாம் காப்பி கலந்து கொடுத்து, மிஞ்சிய நேரத்தில் பனியன்களில் பிசிறு வெட்டி, அதற்குப் பிறகும் நேரம் மிஞ்சினால் அதை வேறு யாராவது எடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டில் வேலை இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எந்த வடிவத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவளை அந்த வீதி வயரில்லா வசந்தா என்று அழைத்தது. அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. அக்காளும் தம்பியும் சிறுவர்களாயிருந்தபோது அவர்களுடைய அப்பா பொருட்காட்சியிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். அதனோடு இரண்டு சாம்பல் நிறக் கன்ட்ரோலர்கள் இருந்தன; ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் கூட்டல்குறி போன்ற ஒரு பொத்தான், வலப்பக்கம் இரண்டு சிவப்புப் பொத்தான்கள், பின்னால் நீண்ட கறுப்பு வயர். கோடை விடுமுறை முழுவதும் ஈஸ்வரமூர்த்தி முதல் பொம்மையை ஓட்டினான், வசந்தாமணி இரண்டாவது பொம்மையை ஓட்டினாள். அந்தப் பொம்மை ஆற்றைத் தாண்டியபோது கை தட்டினாள், குழியில் விழுந்தபோதெல்லாம் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டாள், ஒருநாள் விரலை அடித்துக்கொண்டு அழுதாள் என்றும் சொல்வார்கள். விடுமுறையின் கடைசியில் தொலைக்காட்சிக்குப் பின்னால் கூட்டும்போது, தன் கன்ட்ரோலரின் வயர்முனை எதிலும் செருகப்படாமல் தூசிக்குள் கிடப்பதைக் கண்டாள். இரண்டாவது பொம்மையைப் பெட்டியே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னாள், அப்பா சிரித்தார். சித்தப்பா சிரித்தார். அண்டை வீட்டார் கேட்டுச் சிரித்தார்கள். அதன்பின் வந்த ஒவ்வொரு சீரிலும் ஒவ்வொரு விருந்திலும் அந்தக் கதையை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல, அவள் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டாள்.

ஆண்டுகள் கழித்து ஈஸ்வரமூர்த்தி புதுக் கேம் பெட்டி ஒன்றை வாங்கினான். அது சுவரை நிறைக்கும் தொலைக்காட்சியில் சினிமாவைப் போல் ஓடியது. அதன் கன்ட்ரோலர்களுக்கு வயரே இல்லை. ஒன்று அவனுக்கு, மற்றொன்று அவனைத் தேடி வரும் சேக்காளிகளுக்கு. வசந்தாமணி அடுப்படி வாசலில் நின்று பிசிறு வெட்டியபடி பல மாதங்கள் பார்த்தாள். எந்தக் குழியை எங்கிருந்து தாண்டவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் முறையைக் கேட்டாள்.

"ஒருக்கா குடுடா மூர்த்தி. என்ற முறைன்னு ஒண்ணு வரட்டும்."

"உனக்கு எதுக்குக்கா கன்ட்ரோலரு? நீதான் வயரே இல்லாம வெளையாடுனவளாச்சே" என்றான் அவன். சேக்காளிகள் சிரித்தார்கள். அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஆண்டு ஆயுதபூசைக்கு அந்தக் கேம் பெட்டியும் மற்றக் கருவிகளோடு வரிசையில் வைக்கப்பட்டது. அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு, அதை வேறு வீடுகளில் நான் கேள்விப்பட்டதில்லை: ஒவ்வொரு கருவிக்கும் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வைத்த கட்டைவிரலை, எதிரே காட்டும் கற்பூரம் அணையும்வரை எடுக்கக் கூடாது, எடுத்துவிட்டால் அந்தக் கருவி ஆண்டு முழுவதும் சொன்ன பேச்சைக் கேட்காது. தையல் எந்திரத்துக்கு நெற்றி எது என்று அவர்களுக்குத் தெரியும், கத்தரிக்கோலுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் தெரியும். கன்ட்ரோலருக்கு நெற்றி எது என்பதில் சிறிது விவாதம் நடந்து, மேல்விளிம்பின் நடுவே இருந்த ஒரு குட்டிப் பொத்தானே நெற்றி என்று முடிவாயிற்று. ஈஸ்வரமூர்த்தி அதில் பொட்டு வைத்து விரலை அழுத்திக்கொண்டு நின்றான். எதிரே, எப்போதும்போல், கற்பூரத் தட்டோடு வசந்தாமணி நின்றாள். அந்தப் பொத்தான், எதிரில் கட்டளைக்குக் காத்திருக்கும் ஒன்றைத் தேடிக் கன்ட்ரோலரை அதனோடு சேர்த்துவைக்கும் பொத்தான். விளிம்பிலிருந்த சின்ன விளக்கு மினுக்கியது, மினுக்கியது, பிறகு நின்று எரிந்தது. கற்பூரம் அணைந்தது. எல்லோரும் விபூதி எடுத்துக்கொண்டார்கள்.

பூசையன்று கருவிகளைத் தொடுவதில்லையாதலால் மறுநாள் காலையில்தான் அவன் ஆட உட்கார்ந்தான். தொலைக்காட்சியில் பொம்மை அசையவில்லை. அவன் வலப்பக்கம் அழுத்தினான். அடுப்படியில் வசந்தாமணி பால் பாத்திரத்தோடு வலப்பக்கம் நடந்து சுவரில் முட்டினாள். அவன் தாண்டும் பொத்தானை அழுத்தினான், பாத்திரம் உருண்டது.

"என்னக்கா சத்தம்?"

"குதிச்சேன்."

"எதுக்குக் குதிச்ச?"

"நீ அமுக்குன."

அவன் எழுந்து வந்து வாசலில் நின்று மறுபடி அழுத்தினான். அவள் மறுபடி குதித்தாள். "ஆமா" என்றான். பிறகு, "சரி, குதிச்சதுதான் குதிச்ச. காப்பி ஆச்சா?" என்றான்.

காப்பி ஆக வேண்டுமானால் அவன்தான் அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தினான், ஆயிற்று. முதல் அழுத்தத்தோடு கையும் காலும் அந்தக் கன்ட்ரோலருக்குப் போய்விட்டன. வாய் மட்டும் அவளுடையதாகவே இருந்தது. முன்பும் அது அவளுடையதாகத்தான் இருந்தது. அது சொன்னதை யாரும் கேட்டுக்கொண்டதில்லை. "அதுல அணைக்கற பொத்தான் ஒண்ணு இருக்குமல்ல, அணைடா" என்று அவள் சொன்னாள். அணைத்தால் மறுபடி சேருமோ சேராதோ என்று அவன் யோசித்தான். வீதிக்கோயில் பூசாரியைக் கேட்டார்கள். பூசையில் சேர்ந்ததை அடுத்த பூசைவரை பிரிக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். பனியன் தரம் பார்க்கும் செக்கிங் மாஸ்டர் தங்கவேலைக் கேட்டார்கள். வெளியில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வெளியில் தெரிந்திருந்தது. எல்லோரையும் கேட்டார்கள், அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வீதி வந்து பார்த்தது. பார்த்துவிட்டு வேலைக்குப் போயிற்று. யாருக்கும் மயக்கம் வரவில்லை, யாரும் காவல்துறையைக் கூப்பிடவில்லை, செய்தித்தாளுக்கும் யாரும் சொல்லவில்லை. அவள் முன்பு செய்த வேலைகளையே இப்போதும் செய்தாள், முன்பு குரல் கொடுத்தவர்கள் இப்போது பொத்தானை அழுத்தினார்கள், ஆகையால் எது மாறிவிட்டது என்று சுட்டிக்காட்ட அவர்களால் முடியவில்லை. இதை அமராவதி சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. கையிலிருந்த காகிதத் தேநீர்க் கோப்பையைத்தான் கசக்கினார். எதிர்வீட்டு மயிலாத்தாள் முதலில் வந்து கேட்டாள்: "மூர்த்தி, உங்கக்கா சும்மாதானே நிக்கறா. எங்கூட்டுக்கும் சேத்து ரேஷன் வரிசையில நிறுத்தி வாங்கியாந்தர்றேன், அந்தக் கன்ட்ரோலரச் சித்தெ நேரம் குடு சாமி." கன்ட்ரோலர் எட்டும் தூரம் வீதிமுனைவரை இருந்தது; ரேஷன் கடையும் வீதிமுனையில்தான் இருந்தது. அதன்பின் காதுகுத்து வீட்டுக்குப் பாத்திரம் கழுவ, வளைகாப்பு வீட்டுக்கு மாவு பிசைய, யார் வீட்டிலோ படுக்கையில் கிடந்த ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்க என்று கன்ட்ரோலர் கைமாறிக் கைமாறிப் போய்வந்தது. தங்கவேல் அதற்கு ஒரு முறைமை வகுத்தார். "கேட்டுத்தான் வாங்கோணும். கேக்காம எடுக்கறது தப்புங்க" என்றார். ஈஸ்வரமூர்த்தியைக் கேட்டு என்பது அதன் பொருள். எல்லோரும் அதை நியாயம் என்றார்கள். வசந்தாமணியின் இடது முழங்கையில் கொசு கடித்து அரித்துக்கொண்டேயிருந்தது. சொறிவதற்கென்று அந்தக் கன்ட்ரோலரில் பொத்தான் இல்லை.

இந்த ஏற்பாடு இப்படியே பல ஆண்டுகள் ஓடியிருக்கும், கன்ட்ரோலரில் ஒரு கோளாறு வராமலிருந்தால். அந்த வகைக் கன்ட்ரோலரில் கட்டைவிரலுக்கு அடியில் இரண்டு குமிழ்கள் உண்டு. நாட்பட நாட்பட இடக்குமிழ் தேய்ந்து, யாரும் தொடாமலிருக்கும்போதே தானாக இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. வசந்தாமணி நிற்கவைத்த இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்தாள். காலையில் எழுந்து பார்த்தால் மேற்குச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் நெற்றி பதித்து நின்றுகொண்டிருப்பாள். ஒருமுறை வாசலில் விட்டுவிட்டு மறந்துபோக, அவள் வீதியைக் கடந்து மயிலாத்தாள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டி நின்றாள்.

"நங்கையா மேக்கால போயிர்றாங்க மாமா" என்று நாத்தனாரைப் பற்றிப் பிருந்தா கணவனிடம் சொன்னாள். "குழம்பு அடிப்பிடிச்சுப் போவுது."

"கட்டி வெய்" என்றான் ஈஸ்வரமூர்த்தி.

உள்ளாடை இடுப்புக்குத் தைக்கும் எலாஸ்டிக்கால் அவளை மேசைக்காலோடு கட்டினார்கள். இழுபட்டு இழுபட்டு அது மறுபடி உள்ளே இழுக்க, அவள் போவதும் வருவதுமாக நின்றாள். தைக்க வந்த பெண்கள் முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாள் அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். இதைச் சொல்கையில் அமராவதி ஒரு பெயரையும் விடாமல் சொன்னார், அந்த மேசைகளில் அன்று தைத்தவர்கள் யார் யார் என்று. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று அவர் நினைப்பார்.

ஆகவே வேறு கன்ட்ரோலர் வாங்குவது என்று முடிவாயிற்று. எது வாங்குவது என்று பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீதியே தையல் மேசைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. அப்போது பழைய காலத்துப் பாணியில் புதுக் கன்ட்ரோலர்கள் சந்தைக்கு வந்திருந்தன: உள்ளே எல்லாம் புதுமை, வெளியே அந்தக் காலத்துக் கூட்டல்குறிப் பொத்தான், அந்தக் காலத்து நிறம், குமிழே இல்லாததால் எந்தப் பக்கமும் இழுக்காது. படங்கள் செல்பேசியில் கைமாறின. வசந்தாமணியை எலாஸ்டிக்கிலிருந்து அவிழ்த்து, எல்லோருக்கும் காப்பி கொடுக்க அழுத்தினார்கள்.

"இந்தச் சாம்பல் நெறந்தான். பாருங்க, அதே செவப்புப் பொத்தானு. அந்த லீவு ஞாபகம் வருதுல்லக்கா?" என்றான் ஈஸ்வரமூர்த்தி, அவன் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"எனக்கு அந்தக் கத்திரிப்பூக் கலருங்க" என்றாள் பிருந்தா. "கூட ரெண்டு பொத்தான் இருக்குது. கூட்டறதுக்கு ஒண்ணு, தொடைக்கறதுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்."

"பொத்தான் கம்மியா இருந்தாத்தான் எங்கள மாதிரி ஆளுக்கு வரும்" என்றாள் மயிலாத்தாள்.

"வயர்லெஸ்ஸே வேணும்ங்க. நம்ம வசந்தா வயரு இருந்த காலத்துலயே வயர்லெஸ்ஸு" என்றார் தங்கவேல், வீதி சிரித்தது, சிரித்தவர்களின் கையில் அவள் கொடுத்த காப்பி இருந்தது.

தட்டோடு நின்றிருந்த வசந்தாமணி சொன்னாள்: "என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க."

"உங்களுக்கு இதுல என்னங்க நங்கையா தெரியும்? நீங்க வெளையாடுனதே இல்லையே" என்றாள் பிருந்தா. கெட்ட எண்ணத்தோடு அல்ல. அதுதான் உண்மை என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"ஒரு லீவு முழுக்க வெளையாண்டேன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் வசந்தாமணி. யாரோ ஒருவர் அவளை அடுத்த ஆளிடம் நகர்த்தினார்.

பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் நிஜாம் என்பவர் செல்பேசியும் கேம் சாமான்களும் விற்றுவந்தார். கன்ட்ரோலர் யாரோடு சேரவேண்டுமோ அவரும் வரவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டதால், ஈஸ்வரமூர்த்தி வண்டியை ஓட்ட, நடுவில் வசந்தாமணியை உட்கார்த்தி, பின்னால் கன்ட்ரோலரோடு பிருந்தா உட்கார்ந்து, மூவரும் போனார்கள். நிஜாமும் வியக்கவில்லை. அவர் வியாபாரி, எது எதனோடு சேரும் என்பதே அவர் தொழில்.

"பழசக் கழட்டுனாத்தாங்க புதுசு சேரும்" என்று சொல்லிப் பழைய கன்ட்ரோலரை வாங்கி, நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, அணைத்தார். விளக்குப் போயிற்று.

வசந்தாமணி முதலில் தன் இடது முழங்கையைச் சொறிந்தாள். அவசரமில்லாமல், தோல் சிவக்கும்வரை சொறிந்தாள். பிறகு வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கண்ணாடிப் பெட்டியைக் காட்டிச் சொன்னாள்: "தம்பி, அதுல இருக்கறத எல்லாத்தையும் எறக்குங்க."

"அக்கா, நீ எதுக்கு..." என்றான் ஈஸ்வரமூர்த்தி.

"எல்லாத்தையுந்தான். கத்திரிப்பூவும் எறக்குங்க."

நிஜாம் இறக்கினார். அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், கட்டைவிரலால் கூட்டல்குறியின் நான்கு மூலையையும் தடவினாள், ஒரு காதருகே வைத்து அழுத்திச் சத்தம் கேட்டாள், காய்கறிக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பதுபோல் முறுக்கிப் பார்த்தாள். வீதி நிறத்தைப் பற்றிப் பேசியது, வடிவத்தைப் பற்றிப் பேசியது. அவள் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

"இது சேந்திருக்குதா இல்லையான்னு புடிச்சிருக்கறவளுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"வெளக்கு இருக்குங்கக்கா. சேராத வரைக்கும் மினுக்கும், சேந்துட்டா நின்னு எரியும்."

"இதுல வெளக்கு மேல் விளிம்புல இருக்குது. எதுத்தாப்புல இருக்கறவனுக்குத்தான் தெரியும். வேண்டாம். இது?"

"அதுல அடியிலங்க."

"கவுத்துப் பாத்துட்டா வெளையாட முடியும்? வேண்டாம். அந்தச் சாம்பல் நெறம்?"

"அதுல வெளக்கே கெடையாதுங்க. அந்தக் காலத்துல இல்லீங்கல்ல, அதே மாதிரி இருக்கோணும்னு வெக்காம விட்டுட்டாங்க."

"அந்தக் காலத்துல இல்லதான்" என்றாள் வசந்தாமணி.

கடைசியில் ஒன்றை எடுத்தாள். பழைய சுண்ணாம்புச் சுவரின் நிறம், அழகென்று சொல்ல அதில் எதுவுமில்லை. ஆனால் அதன் முகத்திலேயே, பிடிப்பவள் கண்ணுக்கு நேராக, பச்சரிசி அளவில் நான்கு விளக்குகள் வரிசையாக இருந்தன. சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். வயரைச் செருகிக்கொண்டே ஆடலாம், ஆட்டம் நிற்காது என்று நிஜாம் சொன்னார். அந்த வயரை வாங்கி இரண்டு முனைகளையும் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

இதற்குள் ஈஸ்வரமூர்த்திக்குப் பொறுமை போய்விட்டது. அவன் சாம்பல் நிறக் கன்ட்ரோலரைப் பெட்டியிலிருந்து பிரித்து எடுத்து, அதன் நெற்றிப் பொத்தானில் கட்டைவிரலை வைத்து, அக்காளுக்கு எதிரே நீட்டி அழுத்திக்கொண்டு நின்றான், கற்பூரம் ஒன்றுதான் இல்லை. வசந்தாமணி எழவில்லை, ஓடவில்லை. கையிலிருந்த கன்ட்ரோலரைக்கூடக் கீழே வைக்காமல் அவனைப் பார்த்தாள். போதுமென்று தோன்றியதும் அவன் கூட்டல்குறியில் வலப்பக்கம் அழுத்தினான். பிருந்தா பையை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாக வாசலுக்குப் போய் வண்டியருகே நின்றாள். வசந்தாமணி முக்காலியிலேயே இருந்தாள். அவன் மறுபடி அழுத்தினான். இன்னும் ஓங்கி அழுத்தினான்.

"சேந்துச்சா இல்லையா?" என்று நிஜாமைக் கேட்டான்.

"வெளக்கு இல்லீங்களேண்ணா. எனக்கெப்படித் தெரியும்?"

"அமுக்கு" என்றாள் வசந்தாமணி. "அமுக்கிட்டே இரு. நானும் ஒரு லீவு முழுக்க அப்படித்தான் அமுக்குனேன். கீழ விழுந்தப்பெல்லாம் என்ற வெரலத்தான் அடிச்சுக்கிட்டேன். நீ பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டிருந்த."

"சின்னப்பசங்க வெளையாட்டுக்கா அது."

"எனக்கும் அது வெளையாட்டுதான்னு நெனச்சேன்டா. அதத்தான் சொல்றேன்."

பதிலுக்கு அவன் பொத்தானை அழுத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படிப் பக்கம் திரும்பாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் போய், தம்பி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் தேர்ந்தெடுத்து வாங்கி வந்த கன்ட்ரோலரின் நெற்றிப் பொத்தானைத் தன் விரலாலேயே அழுத்தினாள். நான்கு விளக்கும் மினுக்கின. நிற்கும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை. நின்றன. வலப்பக்கம் அழுத்தினாள், திரையில் ஒரு சின்னப் பொம்மை வலப்பக்கம் ஓடியது. நிறுத்தினாள், நின்றது. சோதித்துப் பார்ப்பதற்காக இடப்பக்கம் திருப்பினாள். அது இடப்பக்கம் திரும்பியது. முதல் குழியிலேயே விழுந்தாள். அதுவும் அவளே விழுந்ததுதான்.

செய்தி பரவி வீதி வந்து வாசலில் நின்றது. மயிலாத்தாளின் கையில் ரேஷன் பை இருந்தது. "இப்ப யார நிறுத்தறது?" என்று அவள் தங்கவேலைக் கேட்டாள். "கேட்டுத்தான் நிறுத்தோணும்" என்றார் தங்கவேல், ஆனால் யாரைக் கேட்பது என்று இம்முறை அவருக்கே தெரியவில்லை. அப்படியே அவர்கள் நின்றார்கள், பொம்மை விழுவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டு. அதைத் தவிர அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கன்ட்ரோலரின் சார்ஜ் வயரை அவள் எழுந்து போய்த் தொலைக்காட்சிக்குப் பின்னால் தானே செருகினாள். செருகியதை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

சாயங்காலம் ஈஸ்வரமூர்த்தி அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றான். சாம்பல் நிறக் கன்ட்ரோலரை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை.

"அக்கா, சோறு?"

"இரு" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது என்ற முறை."

பிருந்தா யாரும் சொல்லாமலே எழுந்துபோய் உலை வைத்தாள்.

அமராவதியின் வடிவம் இவ்வளவுதான். ஆண்கள் சொல்லும் வடிவங்களை வேறு இடங்களில் பதிவு செய்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில், பொங்கலுக்கு முன்பே கன்ட்ரோலரில் சார்ஜ் தீர்ந்து, விளக்கு அணைந்து, வசந்தாமணி எழுந்துபோய்ச் சமைக்கத் தொடங்கிவிடுகிறாள், வீடு பழையபடி ஆகிறது, கேட்பவர்கள் நிம்மதியடைகிறார்கள். ஆனால் இதே ஆண்கள், ஒருவர் தவறாமல், கடையில் நடக்கும் காட்சியில் வயரைச் செருகிக்கொண்டே ஆடலாம் என்ற நிஜாமின் பேச்சையும் சொல்கிறார்கள். தாங்கள் சொன்ன வயரைத் தாங்களே மறந்துவிட்டு ஒரு முடிவைச் சொல்வார்களானால் அதை வடிவ வேறுபாடு என்று கொள்ள என்னால் இயலவில்லை. அது ஒரு விருப்பம், அதையும் அவளைக் கேளாமலே முடிவு செய்திருக்கிறார்கள்.

வேறொரு முடிவை 2024 ஆடியில் சாயப்பட்டறை வீதியின் இளம் மருமகள்களிடம் கேட்டேன். அவர்கள் கதையை ஓரிடத்தில் நிறுத்திக் கேட்கிறார்கள்: கடையில் அவன் வலப்பக்கம் அழுத்தியபோது பிருந்தா ஏன் வலப்பக்கம் போனாள்? அந்தச் சாம்பல் நிறக் கன்ட்ரோலரில் விளக்கு இல்லை. அது பிருந்தாவோடு சேர்ந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கோபத்தில் அவன் அதை இன்னமும் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டேயிருக்கிறான், பிருந்தா அன்றிலிருந்து அடுப்படியில் இருக்கிறாள், யார் கேட்டாலும், "நானேதாங்க வந்தேன், யாரும் சொல்லல" என்று சொல்கிறாள்.